ஃபாரத்தில் காலியாக விட்ட இரண்டு வருடம்

இந்த ஊரில் உப்பை ரோட்டில் கொட்டுகிறார்கள். பனி உறையாமல் இருக்கவாம். காலையில் லாரி வந்து வாரி இறைத்துவிட்டுப் போகிறது. அதன் மேல் பூட்ஸ் காலோடு நடந்து யுனிவர்சிட்டிக்குப் போகிறேன். எங்கள் ஊர் மரக்காணத்தில் உப்பளத்தில் குவித்த உப்பின் மேல் செருப்புக் காலை வைத்தால் முதுகில் ஒன்று விழும். அமெரிக்கா வந்து இரண்டு வருடமாகியும் இதைப் பார்த்தால் எனக்கு வயிறு எரிகிறது.

அதைவிடப் பெரிய வயிற்றெரிச்சல் எங்கள் டிபார்ட்மென்டில் நடந்தது. இன்ஜினியரிங் மாஸ்டர்ஸ் படிக்க இந்தியாவிலிருந்து வரும் விண்ணப்பங்களைப் பார்த்து, யாருக்கு இடம் கிடைக்க வாய்ப்பு இருக்கிறது என்று பென்சிலால் குறித்துக் கொடுப்பது இந்த வருடம் என் வேலை. அடுக்கில் நான்காவதாக இருந்தது கோதண்டத்தின் விண்ணப்பம். என் தெருக்காரன், என்னோடு பி.ஈ. படித்தவன். ஐம்பத்தெட்டு பர்சென்ட். எங்கள் லேப் பேராசிரியர் எட்டிப் பார்த்து, "பாவம், பெயிலா?" என்றார்.

எனக்கு வந்ததே கோபம்! எங்கள் ஊரில் அறுபது வாங்கினால் ஃபர்ஸ்ட் கிளாஸ், எழுபது வாங்கியவனைக் காலேஜே வேடிக்கை பார்க்கும், திருத்துகிறவர்கள் மார்க்கைத் தங்கள் வீட்டுச் சொத்துபோல இறுக்கிப் பிடித்திருப்பார்கள் என்று பொரிந்து தள்ளினேன். அவர் பொறுமையாகத் தலையாட்டிவிட்டு, "அப்படியானால் பாடம் கடினமா, வாத்தியார்கள் மோசமா?" என்று கேட்டார். அப்புறம் விரலை ஃபாரத்தின் கீழ்ப்பக்கம் வைத்தார். படிப்பு முடிந்த பிறகு இரண்டு வருடம் என்ன செய்தான்? அந்த இடம் காலியாக இருந்தது.

எனக்குத் தெரியும். இன்ஜினியர்கள் சர்டிபிகேட்டைத் தூக்கிக்கொண்டு வேலைக்கு அலைகிற காலம் இது. கோதண்டம் உப்பளத்தில் உப்புநீர் இறைக்கும் டீசல் இன்ஜினைப் பார்த்துக்கொள்கிறான். அது நின்றால் அவன்தான் பிரித்துப் பூட்டுவான். பாத்தியில் தண்ணீர் எத்தனை நாளில் எவ்வளவு வற்றுகிறது என்று நோட்டில் எழுதி, எந்தப் பாத்திக்கு எப்போது தண்ணீர் விடுவது என்று அவனே முடிவு செய்வான். இதைச் சொன்னதும் பேராசிரியர் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்துவிட்டார். எங்கள் லேபில் நடப்பதே உப்புநீரை ஆவியாக்கும் ஆராய்ச்சிதான். "இந்த வேலையைப் பற்றி உப்பளத்திலிருந்து ஒரு கடிதம் அடுத்த மாதக் கடைசிக்குள் வந்தால் இவனுக்கு இடம் உண்டு" என்றார். அன்றைக்கே கோதண்டத்துக்கு எழுதினேன்.

பதில் ஏரோகிராமில் வந்தது.

"டேய், உன்ன யார்ரா கேட்டாங்க? பி.ஈ. படிச்சிட்டு உப்பளத்துல கெடக்குறேன்னு வெள்ளைக்காரங்கிட்ட வேற சொல்லிட்டியா? இங்க ஊரே சிரிக்கிறது போதாதா? லெட்டரும் கெடையாது, ஒண்ணும் கெடையாது. உங்கப்பா உப்பு வாருறாரு. நீ அமெரிக்கா ஃபாரத்துல அப்பா தொழில் விவசாயம்னு போட்ட. அத டைப் அடிச்சிக் குடுத்தவனே நான்தான். மொதல்ல உன்னுத மாத்து, அப்புறம் என்னுத மாத்தலாம்."

என்ன திமிர்! சீட்டு கைக்கெட்டும் தூரத்தில் இருக்கிறது, இவன் ரோஷம் பார்க்கிறான். அறையில் தனியாக நின்று வாய்க்கு வந்தபடி திட்டித் தீர்த்தேன். தீர்ந்த பிறகுதான் ஆத்திரம் என் பக்கம் திரும்பியது. அவன் எழுதியதில் ஒரு வார்த்தைகூடப் பொய்யில்லை. கால் வெடிப்பில் உப்புநீர் எரிய எரிய அப்பா வாரிய காசில்தான் நான் பி.ஈ. படித்தேன். அவருடைய வேலையை எழுத எனக்கு வெட்கமாக இருந்திருக்கிறது.

மறுநாள் ஆபீஸ் அலமாரியிலிருந்து என் ஃபைலை வாங்கி, விவசாயத்தை அடித்து, உப்பளக் கூலி என்று எழுதிக் கையெழுத்துப் போட்டேன். பேராசிரியர் வாங்கிப் படித்தார். "இரண்டு வருடமாக என் லேபில் உப்புநீரோடு கிடக்கிறாய். ஒரு வார்த்தை சொல்லியிருக்கக் கூடாதா?" என்றார். கோபமில்லாமல்தான் கேட்டார். எனக்கு அதுதான் தாங்கவில்லை.

அந்தப் பக்கத்தை ஜெராக்ஸ் எடுத்து, "மாத்திட்டேன்டா. இப்ப நீ லெட்டர அனுப்பு" என்று அதன் மேலேயே எழுதிக் கவரில் வைத்தேன். பெறுநர், மரக்காணம். அனுப்புநர் என்ற இடத்திலும் கை தானாக மரக்காணம் என்றே எழுதிவிட்டது. அடிக்க மனம் வரவில்லை. அமெரிக்க ஸ்டாம்பை ஒட்டிப் பெட்டியில் போட்டுவிட்டேன்.