கயிற்றுக்கு வெளியே நின்ற வாத்தியார்

என் வீட்டுக்காரர் சடுகுடு வாத்தியார். பட்டாளத்தில் கற்றுக்கொண்டு வந்ததைப் பாலாற்று மணலில் கோடு கிழித்துச் சொல்லிக்கொடுத்தார். எங்கள் காலனியிலிருந்து ஊர்ப் பிள்ளைகளுக்கு ஆட்டம் கற்றுக்கொடுத்த முதல் ஆள் அவர்தான். பெருமைக்காகச் சொல்லவில்லை என்று எழுதலாம். ஏன் பொய் எழுத வேண்டும்? பெருமைக்காகத்தான் சொல்கிறேன்.

அறுபதுகளின் கடைசி. பிள்ளையார்பாளையத்து நெசவுக்காரப் பிள்ளைகள் நாலு பேர் தாங்களாகவே அவரைத் தேடிக்கொண்டு வந்தார்கள். போன இடத்தில் எல்லாம் தோற்றிருந்தார்கள். அவர் அவர்களுடைய கெண்டைக்காலைத் தட்டிப் பார்த்தார்.

"தறி மிதிச்ச காலுபா இது. இத்த வெச்சிக்கினா தோத்தீங்க?"

காலனிப் பிள்ளைகள் மூன்று பேரைச் சேர்த்து ஏழு பேராக்கினார். ஆடும்போது எல்லோரும் கட்டிப் புரள்வார்கள். யார் வியர்வை யார் மேல் என்று தெரியாது. ஆட்டம் முடிந்ததும் நெசவுப் பிள்ளைகள் மட்டும் பத்தடி தள்ளிப் போய் மணலைத் தோண்டி வேறு ஊற்று எடுப்பார்கள். நான் மத்தியானமே தோண்டிவைத்த ஊற்று கண்ணாடி மாதிரி தெளிந்து நிற்கும். அவர்கள் கலங்கலைக் குடிப்பார்கள்.

"தொண்டையில மண்ணு போவட்டும்" என்பேன்.

"சின்னப் பசங்க, உடு" என்பார் அவர். அவருக்கு விடத் தெரியும். எனக்குத் தெரியாது.

அந்தப் பங்குனியில் பக்கத்துக் கிராமத்துத் திருவிழாவில் பந்தயம். ஜெயிக்கிற அணியின் வாத்தியாருக்குப் பட்டுத் துண்டு போர்த்துவது அங்கே வழக்கம். அந்தத் துண்டை அவர் தோளில் பார்க்கவேண்டும் என்றுதான் நானும் தண்ணீர்க் குடத்தோடு கூடப் போனேன்.

களத்தைச் சுற்றிக் கயிறு கட்டியிருந்தார்கள். ஊர்ப் பெரியவர் ஒருவர் வந்தார்.

"ஆட்டம் நடந்தாவணும், பசங்க வரட்டும். நீ கயித்துக்கு அந்தாண்டயே நில்லு."

இவர் எட்டப் போய்ப் பனைமரத்தடியில் நின்றார். பக்கத்தில் நான், குடத்தோடு.

எங்கள் காலனிப் பிள்ளை பாடிக்கொண்டு எதிர்ப்பக்கம் போனான். அங்கே ஏழு பேரும் எருமைக்கடா மாதிரி இருந்தார்கள். ஒருவனும் அவனைப் பிடிக்கவில்லை. கையை மடக்கிக்கொண்டு ஒதுங்கினார்கள். அவன் ரெண்டு பேரைத் தொட்டுவிட்டு நிதானமாக நடந்து திரும்பினான்.

"புடிங்கடா அவன!" என்று கூட்டம் கத்தியது.

"நீ வந்து புடியேன்!" என்றான் களத்துக்குள் இருந்தவன்.

நெசவுப் பிள்ளைகள் போனால் அமுக்கினார்கள். காலனிப் பிள்ளைகள் போனால் விலகினார்கள். இவர் மரத்தடியிலிருந்து மூன்று விரலை உயர்த்திக் காட்டினார். அப்புறம் எங்கள் மூன்று பேரே மாற்றி மாற்றிப் பாடப் போனார்கள். தொடமாட்டேன் என்கிறவனுக்குச் சடுகுடு எதற்கு? எதிர்ப்பக்கத்தார் தோற்றார்கள். நான் குடத்தைக் கட்டிக்கொண்டு சிரித்தேன்.

அந்தச் சிரிப்பு கொஞ்ச நேரம்தான். பெரியவர் பட்டுத் துண்டை எடுத்து வந்தார். மரத்தடிப் பக்கம் திரும்பவே இல்லை. எங்கள் கேப்டனாக இருந்த நெசவுப் பிள்ளையின் தோளில் போர்த்தினார். அவன் ஒரு தரம் எங்களைப் பார்த்தான். பிறகு கழுத்தைத் தாழ்த்தி வாங்கிக்கொண்டான். பெரியவரைவிட அந்தக் குனிந்த கழுத்தின் மேல்தான் எனக்கு ஆத்திரம்.

கயிற்றைத் தூக்கிவிட்டு உள்ளே போனேன்.

"அந்தத் துண்டு எங்க ஊட்டுக்காரருது. அவரு தோள்ல போடுங்க."

"இன்னாமா, பொம்பள களத்துக்குள்ள வந்துக்கினு?" பெரியவர் அவன் தோளிலிருந்து துண்டை உருவி என் காலடியில் போட்டார். "எடுத்துக்கினு போ."

"கையில குடுங்க."

கொடுக்கவில்லை. நான் குனியவில்லை. துண்டு புழுதியில் கிடந்தது. நாங்கள் நடந்தோம். எங்கள் ஏழு பேரும் பின்னால் வந்தார்கள். அதை யார் எடுத்தார்களோ, தெரியாது.

மறுநாள் சாயங்காலம் ஒன்றும் நடக்காதது மாதிரி நெசவுப் பிள்ளைகள் மணலுக்கு வந்தார்கள். இவர் குச்சியால் கோடு கிழிக்க ஆரம்பித்தார். நான் போய் அந்தக் கோட்டின் மேல் நின்றேன்.

"மொதல்ல தண்ணி குடிங்க. எங்க ஊத்துல. அப்புறம் ஆட்டம்."

"ஊட்ல கேட்டா இன்னாக்கா சொல்றது?" என்றான் ஒருவன்.

"வாத்தியாரு ஊத்துல குடிச்சேன்னு சொல்லு."

இவர் "உடு" என்பார் என்று காத்திருந்தேன். சொல்லவில்லை. குச்சியைக் கீழே போட்டுவிட்டுக் கையைக் கட்டிக்கொண்டார்.

ரெண்டு பேர் சட்டையை எடுத்துக்கொண்டு போய்விட்டார்கள். கேப்டன் வெகுநேரம் நின்றான். பிறகு மண்டியிட்டு, ரெண்டு கையாலும் அள்ளிக் குடித்தான். அழுதானோ என்னவோ, நான் பார்க்கவில்லை. அவன் எழுந்ததும் இன்னொருவனும் குடித்தான்.

ஏழு பேர் இல்லாமல் அந்த வருஷம் எந்தப் பந்தயத்துக்கும் போகவில்லை. என்னால்தான் அணி உடைந்தது என்று ஊரில் பேசினார்கள். பேசட்டும். இவர் குச்சியை எடுத்து, இருந்த ஐந்து பேருக்குக் கோடு கிழித்தார்.