முடியும்வரை ஆடிய ஆட்டம்

திருநெல்வேலியிலிருந்து முதல் நாளே வந்து தங்கி, காலை ஏழு மணிக்கு நாகர்கோவிலில் பஸ் ஏறினேன். குழித்துறைக்குக் கட்டணம் ஐந்து சக்கரக் காசு. அங்கிருந்து தெற்கே கடற்கரைக்கு மாட்டுவண்டியில் எட்டு மைல். ஊர்ப் பெயரைச் சொல்ல மாட்டேன். சொன்னால் ஓர் அம்மாளுக்கு வீட்டில் வம்பு வரும்.

“பொட்டப் புள்ளைய பந்து சவிட்டறதப் பாக்கவா சாரே, திருநெவேலியில இருந்து வந்திய?” என்று வண்டிக்காரர் வழியெல்லாம் சிரித்தார். ஊர் வந்ததும், தானும் நின்று பார்ப்பதாகச் சொல்லி மாட்டை அவிழ்த்துவிட்டார்.

ரோசம்மாள் எதிர்கொண்டு அழைத்தார். அந்தக் கரையில் முதன்முதலில் பந்து உதைத்த பெண் அவர்தான். கொல்லத்துக் கன்னியர் மடத்துப் பள்ளியில் கற்றுவந்த ஆட்டத்தை இப்போது ஊர்ச் சிறுமிகளுக்குச் சொல்லித் தருகிறார்.

“ஆனா நான் ஒரு ஆட்டமும் முடிய ஆடினதில்ல சாரே. பாதியில கட்டுமரம் வந்துரும். மீன் சுமக்க எல்லாரையும் விளிச்சிருவாவ. எனக்க புள்ளையளாவது இண்ணைக்கு முடிக்கணும்.”

அலை மோசமானால் கரையிலிருந்து துடுப்பில் துணி கட்டி வீசுவார்கள். அப்போது மட்டும் கட்டுமரங்கள் அலைக்கு வெளியே காத்துநிற்குமாம்.

பிற்பகல் மூன்று மணிக்குக் கோயில் மைதானத்தில் ஆட்டம். எதிரணி குழித்துறைப் பள்ளிச் சிறுமிகள். என்னிடம் கடிகாரம் இருந்ததால் நேரம் பார்க்கும் வேலை என் தலையில் விழுந்தது. அணிக்கொரு கோல் போட்டிருந்த நேரத்தில் கடலில் கட்டுமரப் பாய்கள் தெரிந்தன. இன்னும் பத்து நிமிஷம் பாக்கி.

“ஏட்டி திரேசா, மரம் வருது!” என்று கத்தினார் கோல் காக்கும் பெண்ணின் தாய் லூர்தம்மாள். திரேசா அழுகிற முகத்தோடு திரும்பிப் பார்த்தாள்.

லூர்தம்மாள் மகளையே பார்த்தார். பிறகு விறுவிறுவென்று கரைக்குப் போய், தலையிலிருந்த சும்மாட்டுத் துணியைப் பிரித்து ஒரு துடுப்பில் கட்டி வீசினார். கடல் குளம் போலக் கிடந்தது. ஆனாலும் மரங்கள் நின்றுவிட்டன!

நேரம் முடிந்ததென்று நான் கை உயர்த்தினேன். “முடிஞ்சாச்சா சாரே? முழுசும் முடிஞ்சாச்சா?” என்று ரோசம்மாள் என் கடிகாரத்தைப் பிடித்துப் பார்த்தார். சிறுமிகள் அவரைத் தூக்கிவிட்டார்கள்.

கரையேறிய லூர்தம்மாளின் கணவர் சீறினார்: “கடலு சாந்தமாட்டுத்தானே கெடக்கு? எதுக்குட்டி துணி வீசுன?”

“அப்பம் அலை இருந்து. இப்பம் இல்ல” என்று லூர்தம்மாள் மீனுக்குக் கடவப் பெட்டியை நீட்டினார்.

ஊர் திரும்பியதும் நண்பர்கள் யார் ஜெயித்தார்கள் என்று கேட்டார்கள். யோசித்துத்தான் சொல்ல வேண்டியிருந்தது. குழித்துறைக்காரிகள், இரண்டுக்கு ஒன்று. எங்கள் ஊரில் தோற்றவர்கள் தலையைத் தொங்கப்போட்டுக்கொண்டு வீட்டுக்குப் போவார்கள். அங்கே தோற்றவர்கள் மீன் கடவத்தைத் தலையில் வைத்துக்கொண்டு, பாடிக்கொண்டே சந்தைக்கு ஓடினார்கள்.