பாதிச் சேவல்

அகதி விசாரணை முடிந்து ஜெர்மனியின் ஹம் நகருக்குத் திரும்பும் வழியில், இடைப்பட்ட சிற்றூர் ஒன்றில் ரயிலைத் தவறவிடுகிறோம். மழைக்கு ஒதுங்க நானும் தயாபரன் அண்ணையும் பழைய நீதிமன்றக் கட்டடத்துக்குள் நுழைகிறோம். வழக்கு ஏடுகளைக் காக்கும் பெண்மணி எங்களை ஆராய்ச்சியாளர்கள் என்று நினைத்து மகிழ்ந்துபோகிறார்.

“மழை விடுமட்டும் நாங்கள் ஆராய்ச்சியாளர்தான், பேசாமல் இரு,” என்கிறார் அண்ணை.

பெண்மணி பல தலைமுறைக்கு முந்தைய ஒரு வழக்கைக் காட்டுகிறார். பண்ணை அடிமை ஒருவன் இறந்திருக்கிறான். அன்றைய சட்டப்படி அவன் உடைமையில் பாதி பண்ணையாருக்கு, பாதி மனைவிக்கு. பசு இரண்டு, பானை இரண்டு, சிக்கலில்லை. சேவல்தான் ஒன்றே ஒன்று.

“பிள்ளையளையும் பிரிச்சவையோ எண்டு கேள்,” என்கிறார் அண்ணை.

என் அரைகுறை ஜெர்மனில் கேட்கிறேன்.

“இல்லை. தாயும் பிள்ளைகளும் முழுதாகப் பண்ணையாருக்குத்தான்,” என்கிறார் பெண்மணி.

அண்ணையின் முகம் வாடுகிறது. “அப்ப சேவல்?”

“பாதியைக் கொண்டுவரச் சொல்லி நீதிபதி உத்தரவிட்டார். அந்த மனைவி எலும்புகளில் பாதியைக் கொண்டுவந்தாள். செத்தவீட்டன்றே சூப் வைத்துவிட்டாளாம்.”

அண்ணை சிரிக்கிற சிரிப்பில் மேசை ஆடுகிறது. பெண்மணி ஏட்டின் அடியைத் தொட்டுக் காட்டுகிறார். எலும்புகளைப் பெற்றுக்கொண்டதாகப் பண்ணையார் அங்கே கம்பீரமாகக் கையெழுத்து வைத்திருக்கிறார்.