மலைத்தவளையின் பச்சை

நான் நாமக்கல்லில் டிராயிங் மாஸ்டராக இருந்தபோது, சேலத்துக் கல்லூரி வாத்தியார் ஒருவர் பித்தளைத் தூக்கில் ஈரப்பாசி போட்டு ஒரு மரத்தவளையைக் கொண்டுவந்தார். கொல்லிமலைக் காட்டில் பிடித்தது. அந்த வகையை அவரே அதற்குமுன் பார்த்ததில்லையாம். ஸ்பிரிட்டில் போட்டால் நிறம் போய்விடும், உயிரோடு இருக்கும்போதே வரைந்துவிடுங்கள் என்று சொல்லிவிட்டுப் போனார்.

சித்திரை வெயில். ஓட்டு வீட்டுக்குள் அனல் இறங்கியது. கைக்குழந்தைக்குக் கக்குவான் இருமல். நானும் மனைவியும் தூங்கிப் பல நாளாகியிருந்தது. தூக்கைத் திறந்தபோதே தவளை வெளிறித்தான் இருந்தது. மத்தியானம் மண்நிறமானது, சாயங்காலம் சாம்பலானது. மனைவி ஈரத்துணியை அதன்மேல் பிழிந்துவிட்டபடி சொன்னாள்.

"ஏனுங்க, இது பாக்கறப்பெல்லாம் வேற நெறமா இருக்குதுங்க. நீங்க எதைத்தான் வரைவீங்க?"

மண்நிறத்தையே தீட்டினேன். படம் முடிவதற்குள் தவளை செத்துப்போயிற்று.

வாத்தியார் வந்து தவளையைப் புட்டியில் போட்டுக்கொண்டார். படத்தை வெகுநேரம் பார்த்தார். காட்டில் அது தளிர்ப் பச்சையாக இருந்தது, பச்சை அடித்துக் கொடுத்துவிடுங்கள் என்றார்.

"நான் அந்தப் பச்சையைப் பாக்கலீங்களே" என்றேன். எதிர்த்துச் சொன்னதில்லை, அதற்குத் தெம்பும் இல்லை. எந்தப் பச்சை என்று நிஜமாகவே தெரியவில்லை.

"அப்படீன்னா மலைக்கு வாங்க" என்றார்.

குழந்தை தேறியபின், நானும் அவரும் ஐப்பசி மழையில் போனோம். அட்டைகள் காலில் தொங்கின. பல நாள் அந்திப்பொழுதில் சத்தம் மட்டும் கேட்டது. தவளை கண்ணில் படவில்லை. திரும்பிவிடலாம் என்று நான் சொல்ல வாயெடுத்த காலையில், ஓடைக்கு மேலே ஓர் இலையில் அது கால்களை மடக்கித் தூங்கிக்கொண்டிருந்தது. அப்படியொரு பச்சை என் வர்ணப் பெட்டியில் இல்லை. மஞ்சளைக் கலந்து கலந்து ஒருவாறு கொண்டுவந்தேன். மழைத்துளி விழுந்து காகிதத்தின் ஓரம் ஊறிவிட்டது.

வாத்தியார் புட்டியை எடுத்தார்.

"இதை உட்டுரலாமுங்களா?" என்றேன்.

அவர் என்னைப் பார்த்தார், தவளையைப் பார்த்தார். "ஒண்ணுதான் ஏற்கெனவே கிடைச்சிருச்சே" என்று புட்டியை மறுபடி பையில் வைத்துக்கொண்டார்.

இறங்கி வந்ததும் எனக்கு மலைக்காய்ச்சல். படத்தை அவர் கொண்டுபோனார். ஏதாவது புத்தகத்தில் அச்சானதா இல்லையா, தெரியாது. திரும்பப் பள்ளிக்கூடம் போனபோது கரும்பலகையில் இழுத்த நேர்கோடு கோணிக்கொண்டு போயிற்று. பிள்ளைகளைப் பூசணிக்காய் வரையச் சொல்லிவிட்டு நாற்காலியில் உட்கார்ந்துகொண்டேன்.