மேட்சிங் கடை ஹரிராமின் சிறுநீரகம்

புடவைக்கு ஏற்ற ஜாக்கெட் துணி தேடி வருகிறவர்களிடம் ஹரிராம் ஒரு வழக்கத்தை விட்டதே இல்லை. கடைக்குள் டியூப் லைட்டில் நிறம் ஒத்துப்போனாலும் உடனே கத்தரிக்கோலை எடுக்க மாட்டார். முந்தானையையும் துணியையும் சேர்த்துப் பிடித்துக்கொண்டு வாசலுக்கு வந்து வெயிலில் ஒரு முறை பார்ப்பார். உள்ளே ஒன்றுபோலத் தெரிந்த இரண்டு அரக்குகள் வெளியே வந்ததும் வேறு வேறாகிவிடும். "வேணாம்மா, வேற பாப்போம்" என்று திரும்பிவிடுவார். மதுரையில் தெற்கு மாசி வீதிப் பக்கம் மேட்சிங் கடை ஹரிராம் என்றால் அந்தக் காலத்தில் பலருக்குத் தெரியும்.

அவர் மனைவி ஹம்சவேணி, அவருடைய சொந்த அத்தை ராதாமணியின் மகள். சௌராஷ்டிரக் குடும்பங்களில் அப்படிச் சொந்தத்துக்குள் கட்டுவது புதிதல்ல. திருநகரில் சின்ன வீடு, ஒரு பையன், ஒரு பெண். 1997இல் ஹம்சவேணிக்குக் கால் வீங்கியது. சோறு இறங்கவில்லை, இறங்கினாலும் தங்கவில்லை. ஆஸ்பத்திரியில் பார்த்தபோது இரண்டு சிறுநீரகங்களும் சுருங்கிப்போயிருந்தன. அடுத்த வருடம் வாரத்துக்கு இருமுறை டயாலிசிஸ் என்றானது. யாராவது ஒரு சிறுநீரகம் கொடுத்தால்தான் இதற்கு முடிவு என்றார் டாக்டர் ஹெப்சிபா.

"நான் குடுக்குறேன்" என்றார் ஹரிராம். வேறு யாரையும் அவர் யோசிக்கவே விடவில்லை. ஹம்சவேணியின் அண்ணன் சாய்பிரசாத் சிம்மக்கல்லில் சாயப்பொடி மொத்தக் கடை வைத்திருந்தான். அவன் வீடு தேடி வந்தான்.

"அத்தான், நானும் ஒரு தடவ டெஸ்ட் குடுத்துப் பாக்கட்டுமா?"

"எதுக்கு மாப்ள? எம் பொண்டாட்டிக்கு நான் இருக்கேன். நீ போய் உன் சாயத்தக் கரை."

சாய்பிரசாத் சிரித்தான். ஆனால் அன்று காபி குடிக்காமல் போய்விட்டான்.

ராதாமணிக்கும் சந்தேகமே இல்லை. "என் அண்ணன் மகனுக்கும் என் மகளுக்கும் ரத்தம் ஒண்ணுதானே? சொந்தத்துல கட்டினதுக்கு இப்பத்தான் பலன்" என்று பார்க்கிறவர்களிடமெல்லாம் சொன்னாள். ரத்த குரூப்பும் ஒன்றாகவே இருந்தது. ஹரிராம் வெற்றிலை புகையிலையை விட்டார். காலையில் பசுமலை வரை நடந்தார். கொடுக்கப்போகிற பொருளைத் துடைத்து வைக்கிறவர் மாதிரி உடம்பைப் பார்த்துக்கொண்டார்.

ஒரு நாள் மத்தியானம் கடை போனுக்கு ஆஸ்பத்திரியிலிருந்து அழைப்பு வந்தது. "சார், உங்க கிராஸ் மேட்ச் பாசிட்டிவ்னு வந்திருக்கு. டாக்டர் உங்கள நேர்ல வரச் சொன்னாங்க" என்றாள் ஒரு பெண்.

வாழ்நாளெல்லாம் மேட்ச் பார்த்தே பிழைத்தவர். அந்தச் சொல்லும் பாசிட்டிவும் சேர்ந்து வந்தால் அவர் வேறெப்படிப் புரிந்துகொள்வார்? போனை வைத்துவிட்டு, "மேட்ச் ஆயிருச்சுடா!" என்று கத்தினார்.

கூட வேலை பார்த்த வெள்ளைத்துரை, "அண்ணே, நீங்க தொட்டா எது மேட்ச் ஆகாது? கிட்னிக்கு பார்டர் வச்சுத் தைக்கணுமான்னு கேட்டுட்டு வாங்க" என்றான். கடையே சிரித்தது.

அல்வா வாங்கிக்கொண்டு ஹரிராம் டவுன் பஸ் ஏறினார். காளவாசல் நெரிசலில் பஸ் நின்றபோது கண்டக்டருக்கும் ஒரு துண்டு கொடுத்தார். டயாலிசிஸ் வார்டில் மிஷினோடு படுத்திருந்த ஹம்சவேணியின் வாயில் நகக்கண் அளவு வைத்தார். நர்சுகளுக்கும் பக்கத்துக் கட்டில்காரருக்கும் கொடுத்தார். டாக்டர் ஹெப்சிபா உள்ளே வந்ததும் அவர் கையிலும் வைத்தார்.

டாக்டர் அதைத் தின்னவில்லை. கையில் வைத்தபடியே நின்றார்.

"ஹரிராம், போன்ல என்ன சொன்னாங்க உங்களுக்கு?"

"மேட்ச் பாசிட்டிவ்னாங்கம்மா."

"உக்காருங்க. கிராஸ் மேட்ச்னா உங்க ரத்தத்துல உள்ள அணுவையும் அவங்க ரத்தத்துல உள்ள தெளிவான நீரையும் சேத்துப் பாக்குறது. சேத்தா ஒண்ணும் நடக்கக் கூடாது. அதுக்குப் பேரு நெகட்டிவ். இங்க அவங்க நீர் பட்டதும் உங்க அணு செத்துப்போச்சு. அதத்தான் பாசிட்டிவ்னு சொல்றோம்."

ஹரிராம் அல்வாப் பொட்டலத்தை மடியில் வைத்து மெதுவாக மூடினார். பக்கத்துக் கட்டில்காரர் வாயில் போட்டதை மெல்லாமல் வைத்திருந்தார்.

"அப்ப முடியாதாம்மா?"

"அப்படி இன்னும் சொல்லல. இதுல ரெண்டு வகை இருக்கு. புதுசா ஒரு எதிரியப் பாத்தா உடம்பு மொதல்ல அவசரமா ஒரு எதிர்ப்புப்பொருள் பண்ணும். அதுக்கு ஐ.ஜி.எம்.னு பேரு. உருவம் பெருசு, பிடி கம்மி, சீக்கிரம் போயிரும். பல சமயம் அதால ஆபத்து இல்ல. கொஞ்ச நாள் ஆனதும் அதப் பண்ற அணு, பண்ற வகைய மாத்திக்கும். யாரப் பிடிக்கணுங்குற முன்பக்கம் மாறாது. பின்பக்கம் மட்டும் மாறும். அது ஐ.ஜி.ஜி. அது வருஷக்கணக்கா ஞாபகம் வச்சிருக்கும். அது இருந்தா உங்க கிட்னிய வச்சுத் தைக்கிறதுக்குள்ளயே கறுத்துப்போயிரும். உங்களுக்கும் நஷ்டம், அவங்களுக்கும் ஆபத்து. எந்த வகைன்னு சென்னையில பாப்பாங்க. மொதல் வகைய உடைக்கிற மருந்து ஒண்ணு இருக்கு. அதக் கலந்து திரும்பப் பாக்கணும். நெகட்டிவ் ஆச்சுன்னா ஆபரேஷன்."

"அதாவது வெயில்ல கொண்டுபோய்ப் பாக்கணும்" என்றார் ஹரிராம்.

டாக்டருக்கு அது புரியவில்லை. ஹம்சவேணிக்குப் புரிந்தது. அவள் முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

முடிவு வந்தபோது மருந்து கலந்த பிறகும் பாசிட்டிவாகவே இருந்தது. ஐ.ஜி.ஜி.

"என் ரத்தம் இவருக்கு எப்பம்மா எதிரியாச்சு? இவரு ரத்தம் எனக்கு ஏத்தினதே இல்லையே" என்று ஹம்சவேணி கேட்டாள்.

டாக்டர் முடிவுத் தாளை மடித்தார். "பிள்ளைங்க வழியா. வயித்துல இருக்கப்பவும் பிரசவத்தப்பவும் குழந்தை ரத்தம் கொஞ்சம் தாய்க்குள்ள வரும். அதுல பாதி அப்பாவோட அடையாளம். மொத தடவ தெரிஞ்சுக்கிட்டது, ரெண்டாம் தடவ உறுதியாயிருச்சு."

"பிள்ளைங்களுக்கு என்னால ஏதாச்சும்..."

"ஒண்ணும் ஆகாது. அவங்க நல்லாத்தான் இருப்பாங்க."

ஹம்சவேணி கணவனைப் பார்த்து, "ரெண்டு பெத்ததுல உங்கள எனக்கு இம்புட்டுத் தெரிஞ்சுபோச்சா?" என்றாள். சிரிக்கத்தான் சொன்னாள். ஹரிராம் எழுந்து வெளியே போனார்.

அன்று சாயங்காலமே திரும்பிவந்து டாக்டரிடம் வாதாடினார். "கையெழுத்துப் போட்டுத் தாரேன். என் கிட்னி கெட்டா கெட்டுப்போகட்டும்மா. ஒரு தடவ வச்சுத்தான் பாருங்களேன்." டாக்டர் தலையை ஆட்டிக்கொண்டே இருந்தார்.

அடுத்து ராதாமணி வந்தாள். பெற்றவள் கொடுத்தால் சேராமல் போகுமா என்று கையை நீட்டினாள். அவளுடைய கிராஸ் மேட்சும் பாசிட்டிவ். மருமகன், அவளுடைய அண்ணன் மகன். அண்ணனிடமிருந்து ஹரிராமுக்கு வந்த அடையாளம் எதுவோ அதுவே ராதாமணியிடமும் இருந்தது. ஹம்சவேணியின் ரத்தம் புருஷனிடம் கற்றதைத் தாயிடமும் கண்டுபிடித்துவிட்டது. சொந்தம் நெருங்க நெருங்கப் பொருத்தம் கூடும் என்று நினைத்திருந்தவர்களுக்கு, அந்த நெருக்கமே வழியை அடைத்தது. ராதாமணி அன்று முதல் யாரிடமும் பலன் என்ற சொல்லைச் சொல்லவில்லை.

"கூடப்பிறந்தவங்க இருக்காங்களா? அவங்களுக்கு அந்த அடையாளம் வராமலும் இருந்திருக்கலாம்" என்றார் டாக்டர்.

ஹரிராமுக்குக் காபி குடிக்காமல் போனவன் ஞாபகம் வந்தது.

சிம்மக்கல் கடையில் சாயப்பொடி மூட்டைகளுக்கு நடுவே அவர் உட்கார்ந்தார். என்ன பேசுவது என்று வழியெல்லாம் யோசித்திருந்தார். வியாபாரம் எப்படி என்றார். மழை இல்லை என்றார்.

சாய்பிரசாத் கணக்குப் பிள்ளையை வெளியே அனுப்பினான். "அத்தான், உங்களத்தான் வேணாம்னு சொல்லிட்டாளாமே என் தங்கச்சி?"

"ஆமா மாப்ள."

"இத்தன வருஷம் கழிச்சாவது சொன்னாளே."

ஹரிராம் சிரிக்கப் பார்த்தார். கண் கலங்கிவிட்டது. சாய்பிரசாத் எழுந்து வந்து பக்கத்தில் உட்கார்ந்தான். "கேக்கவே வேணாம். நாளைக்கே வாரேன்."

அவனுக்கு நெகட்டிவ் வந்தது. ஆனால் அவன் மனைவி மீனலோசனி ஒத்துக்கொள்ளவில்லை. ஹரிராமை நேருக்கு நேர் கேட்டாள்.

"அண்ணே, எனக்கும் சின்னப் பிள்ளைங்க இருக்கு. நாளப்பின்ன இவருக்கு ஏதாச்சும் ஆச்சுன்னா நீங்க என்ன செய்வீங்க?"

கடவுள் பார்த்துக்கொள்வார் என்று சொல்லியிருக்கலாம். நான் இருக்கிறேன் என்றும் சொல்லியிருக்கலாம். அப்படி ஒரு தடவை சொன்னதன் கதி அவருக்குத் தெரியும்.

"என்னால ஒண்ணும் செய்ய முடியாதும்மா. நீ வேணாம்னா வேணாம். உன்மேல எனக்கு ஒரு வருத்தமும் வராது" என்று எழுந்து வந்துவிட்டார்.

அந்த மாதம் முழுக்க அவர் அந்தத் தெருப்பக்கம் போகவில்லை. ராதாமணி மகன் வீட்டுக்குப் போய் அழுகிறேன் என்று கிளம்பியபோதும் தடுத்துவிட்டார். ஹம்சவேணிக்கு மூச்சு வாங்க ஆரம்பித்தது. தலையணை இரண்டு வைத்துச் சாய்ந்தே தூங்கினாள். அவர் கடைக்குப் போய்வந்தார். துணியை வெயிலில் காட்டினார்.

மீனலோசனி ஒரு செவ்வாய்க்கிழமை டயாலிசிஸ் வார்டுக்குத் தானாகவே வந்தாள். நாத்தனாரின் கால்மாட்டில் உட்கார்ந்து, வீங்கிய பாதத்தை விரலால் அழுத்திப் பார்த்தாள். குழி விழுந்தது, நிரம்பவில்லை. வெளியே வந்து ஹரிராமிடம், "நீங்க வந்து கெஞ்சுவீங்கன்னு பாத்தேன். முடியாதுன்னு சொல்லத் தயாரா இருந்தேன். நீங்க வரவே இல்ல" என்றாள். "தேதி வாங்கிருங்கண்ணே."

1999 பிப்ரவரியில் அறுவை நடந்தது. அண்ணனும் தங்கையும் பக்கத்துப் பக்கத்து அறைகளில் கிடந்தார்கள். வெளியே பெஞ்சில் ஹரிராமும் மீனலோசனியும் உட்கார்ந்திருந்தார்கள். மத்தியானத்துக்கு மேல் டாக்டர் ஹெப்சிபா முகமூடியைக் கழுத்துக்கு இறக்கியபடி வந்தார்.

"தைச்சு ரத்தத்த விட்டதும் நல்லா சிவந்துச்சு. மேஜையிலயே மூத்திரம் வந்திருச்சு."

ராதாமணி தரையில் விழுந்து கும்பிட்டாள். மீனலோசனி, "அவரு?" என்று மட்டும் கேட்டாள். நன்றாக இருக்கிறார் என்றதும் பெஞ்சிலேயே சாய்ந்து கண்ணை மூடிக்கொண்டாள்.

ஹம்சவேணியைக் கண்ணாடி வழியாக ஒரு நிமிடம் பார்க்கலாம் என்றார்கள். ஹரிராம் பார்த்தார். பிறகு அங்கே நிற்காமல் சாய்பிரசாத்தின் அறைக்குப் போனார். மீனலோசனியைப் பிள்ளைகளைப் பார்க்க வீட்டுக்கு அனுப்பினார். வலியில் முனகியவனின் உதட்டை ஈரப்பஞ்சால் நனைத்தார். விலாப்பக்கம் கட்டு நழுவாமல் பிடித்துக்கொண்டார். மூத்திரப் பையை மாற்ற வந்த ஆயா இருளாயியிடம், "தாங்க, நான் ஊத்திட்டு வாரேன்" என்று வாங்கிக்கொண்டார்.

சாய்பிரசாத் கண்ணைத் திறந்தான். "அத்தான், இங்க என்ன பண்றீங்க? அங்க அவகிட்டப் போங்க."

"அவகிட்டத்தான் நீ இருக்கியே மாப்ள" என்றார் ஹரிராம். ஸ்டூலை இன்னும் கொஞ்சம் கட்டிலோரம் இழுத்துப் போட்டுக்கொண்டார்.