குழந்தைத் தராசில் ஆறு பாட்டில்கள்

போன வாரம் எங்கள் வீட்டு இரும்புக் கேட்டுக்குப் பெயிண்ட் அடிக்க ஒருவர் வந்தார். கேட், கொண்டி, பக்கத்திலிருந்த தபால் பெட்டி, கதவு எண் பொறித்த தகடு என்று பிரஷ் எட்டிய இடமெல்லாம் பச்சையாக்கிவிட்டார். "நம்பர் மறஞ்சிருச்சேய்யா" என்றேன். "பாக்க லட்சணமா இருக்குல்ல சார்" என்றார். எனாமல் வாசனை மூக்கில் ஏறியது. நான் அவரைத் திட்டவில்லை. பெயிண்ட் விஷயத்தில் யாரையும் திட்டும் தகுதியை இரண்டாயிரங்களின் ஏதோ ஒரு ஆடி மாதத்தில், சிவகாசியில் வைத்தே இழந்துவிட்டேன்.

அப்போது எனக்கு இருபத்தெட்டு வயது. விருதுநகர் சாலையோரம் கிரேஸ் அக்காவின் தகரக் கொட்டகையில் வேலை. தீயணைப்பு சிலிண்டர்களுக்கு மருந்து மாற்றி, வால்வு பழுது பார்த்துக் கொடுக்கிற இடம். சுற்றிலும் பட்டாசுக் கம்பெனிகள் என்பதால் வேலைக்குப் பஞ்சமில்லை. அக்கா பல வருஷம் நர்சாக இருந்துவிட்டு, அப்பா விட்டுப்போன தொழிலை எடுத்தவர். ஆஸ்பத்திரிப் பழக்கம் மட்டும் விடவில்லை. சிலிண்டரைக் கொண்டுவருகிறவரிடம், "எத்தனை நாளா இப்படி இருக்கு?" என்றுதான் ஆரம்பிப்பார். நோயாளிக்குப் போலவே ஒவ்வொன்றுக்கும் ஓர் அட்டை. எடை பார்ப்பதற்கோ, ஆஸ்பத்திரி ஏலத்தில் எடுத்த குழந்தைத் தராசு. வளைந்த வெள்ளைத் தட்டில் சின்ன சிலிண்டர்கள் மல்லாந்து படுத்திருக்கும். பார்க்கிற எனக்கே கொஞ்சத் தோன்றும்.

என் பெருமையெல்லாம் பெயிண்டில்தான். எங்கள் பக்கத்தில் ஆபீசர் பார்வையிட வருகிறார் என்றால் மணல் வாளி, ஏணி, சிலிண்டர் எல்லாவற்றுக்கும் சிவப்பு ஏறிவிடும். எம். புதுப்பட்டி கம்பெனி மானேஜர் ஒருவர், "ஒங்க கை பட்டா கெழட்டு சிலிண்டரும் மாப்பிள்ளையாட்டம் நிக்குதுய்யா" என்பார். அந்தப் பாராட்டை நான் சம்பளத்தின் ஒரு பகுதியாகவே நினைத்திருந்தேன்.

விமானத்தில் வைக்கிற தீயணைப்பு பாட்டில்களைப் பழுது பார்ப்பது தனிச் சந்தை. அதற்கு அரசாங்க அங்கீகாரம் பெற்ற பட்டறை வேண்டும். அதெல்லாம் பெரிய ஊர்களில். தீயோடு தினமும் குடித்தனம் நடத்துகிற நாம் ஏன் அதில் ஒரு ஓரத்திலாவது நிற்கக் கூடாது என்று அக்காவுக்கு ஒரே பிடி. ஒரு வருஷம் விடாமல் கடிதம் எழுதினார். கடைசியில் பெங்களூர்ப் பட்டறை ஒன்று இறங்கிவந்து, வெள்ளோட்டமாக ஆறு பாட்டில்களைக் கொடுத்தது. ஒரு விமானப் பயிற்சிப் பள்ளியின் குட்டி விமானங்களில் இருப்பவை. ஒவ்வொன்றும் இரண்டு கிலோ சொச்சம், குறைமாதப் பிள்ளை எடை.

எங்கள் வேலை சுலபமானது. திறக்கக் கூடாது, நிரப்பக் கூடாது. துடைத்து, எடை போட்டு, தாளில் எழுதி அனுப்ப வேண்டும். உள்ளே இருக்கிற வாயு கண்ணுக்குத் தெரியாது. கசிந்திருக்கிறதா என்று எடைதான் சொல்லும். பாட்டிலில் பொறித்த எடையும் தராசு எடையும் ஒத்துப்போனால் பெங்களூரில் கையெழுத்துப் போட்டு விமானத்துக்குத் திருப்பிவிடுவார்கள். குறைந்தால் பிரித்துப் பழுது பார்ப்பார்கள்.

நான் துடைத்தேன். துடைத்ததும் அங்கங்கே பெயிண்ட் உரிந்திருந்தது தெரிந்தது. மனசு கேட்கவில்லை. ஆகாயத்தில் போகிற பாட்டில் இப்படியா போவது? பொறித்த எடைகளைத் தாளில் குறித்துக்கொண்டு (அந்த அளவுக்குப் புத்தி இருந்தது) ஒரு கோட்டு பிரைமர், இரண்டு கோட்டு சிவப்பு, தாராளமாக அடித்தேன். காய்ந்ததும் சந்தனப் பொட்டு வைத்தேன். அதன் பிறகு எடை போட்டேன். இந்த வரிசையைக் கவனியுங்கள். அன்று நான் கவனிக்கவில்லை.

ஐந்து பாட்டில்கள் பொறித்த எடையைவிட முப்பது கிராம் கூடுதல் காட்டின. ஆறாவது மட்டும் அச்சாகப் பொருந்தியது. தராசுக்கு வயசாகிவிட்டது என்று முடிவுகட்டி, ஆறாவதன் எதிரே மட்டும் 'மிகச் சரி' என்று எழுதினேன். அக்கா விருதுநகரை ஒட்டிய சூலக்கரைக்கு, கலெக்டர் ஆபீசில் ஏதோ லைசென்ஸ் காகிதத்துக்காகப் போயிருந்தார். நானே பெட்டியை விருதுநகர் லாரி ஆபீசில் போட்டுவிட்டு, வெற்றி வீரனாகத் திரும்பி, தயிர்ச்சோற்றைத் திறந்தேன்.

நாலாவது வாயில் மண்டைக்குள் ஏதோ உறைத்தது. தராசுக்கு வயசானால் ஆறுக்கும்தானே வயசாகும்? ஐந்தில் ஏறிய முப்பது கிராம் என் பெயிண்ட். அதே பெயிண்ட் ஆறாவதிலும் இருக்கிறது. அப்படியும் எடை சரி என்றால், உள்ளே முப்பது கிராம் இல்லை. கசிகிற பாட்டில் அது ஒன்றுதான். அதற்குத்தான் 'மிகச் சரி' போட்டிருந்தேன்.

உடனே காய்ச்சல் வந்ததுபோல் இருந்தது. லீவு போடலாமா என்று யோசித்தேன். பெங்களூரில் கண்டுபிடித்துவிட்டால் அக்கா ஒரு வருஷம் எழுதிய கடிதமெல்லாம் வீண். கண்டுபிடிக்காவிட்டால்? இன்று முப்பது கிராம், தீபாவளிக்குள் எத்தனையோ. பறக்கப் பழகுகிற ஒரு பையன் நடுவானில் புகையைப் பார்த்துவிட்டு இழுக்கப் போகிற பாட்டில் அது. இந்த இரண்டாவது பயம் முதல் பயத்தை விழுங்கியது. போனை எடுத்தேன்.

"அக்கா, ஒரு சின்ன விஷயம்."

"நீ சின்ன விஷயம்னா பெருசாத்தான் இருக்கும். சொல்லுலே."

சொன்னேன்.

"பச்சப் பிள்ளைக்கு எடை போடும்போது சட்டையக் கழட்டிட்டுப் போடுவாகளா, ஸ்வெட்டர மாட்டிவிட்டுப் போடுவாகளா?"

"கழட்டிட்டு, அக்கா."

"லாரி எப்போ?"

"நாலு மணிக்கு."

"கிளம்பு. நான் இங்கன இருந்து ஆட்டோல வாறேன்."

கை கழுவவில்லை என்பது ஆமத்தூர் தாண்டியபோதுதான் தெரிந்தது. மொபெட் கைப்பிடியெல்லாம் தயிர்ப் பருக்கை. லாரி ஆபீசில் பெட்டியை ஏற்றிக்கொண்டிருந்தார்கள். மூச்சு வாங்க, நான் வாயைத் திறந்து சொன்ன முதல் வாக்கியம்: "அந்த சிவகாசிப் பெட்டிய இறக்குங்க, அதுல தப்பான சரக்கு இருக்கு."

சிவகாசிப் பெட்டியைப் பற்றி விருதுநகரில் சொல்லக் கூடாத வாக்கியம் ஒன்று உண்டென்றால் அதுதான். ஆபீஸ் காலியாகிவிட்டது. கிளார்க் ரோட்டின் மறுபக்கம் டீக்கடையில் நின்றுகொண்டு, "தண்ணி ஊத்துங்கலே" என்று உத்தரவு போட்டார். லோடுமேன் ஒருவர் மட்டும் மணல் வாளியோடு நின்றார்.

"அது தீயணைக்கிற சாமான்ண்ணே" என்றேன்.

"அப்ப எதுக்குய்யா இம்புட்டு வேகமா ஓடியாந்தீரு?"

வாளியைக் கீழே வைக்கும்படி அவரைக் கையெடுத்துக் கும்பிட்டேன்.

அக்கா வந்த பிறகுதான் எல்லோரும் உள்ளே வந்தார்கள். பெட்டியைப் பிரித்ததும் சந்தனப் பொட்டோடு ஆறும் மின்னின. "கோயிலுக்கா அக்கா கொண்டுபோறீக?" என்று கேட்டார் கிளார்க். அக்கா சிரிக்கவில்லை. என்னிடம் பேனாவை நீட்டினார்.

"அக்கா, ஆறாவது எடைய மட்டும் கொறச்சு எழுதிருவோம்" என்றேன். "பெயிண்ட் கதைய எழுதினா ஆர்டர் போயிரும்."

"போகட்டும். இப்ப ஒண்ண மறைச்சா, நாளைக்கு நாம எழுதுற எந்த எடைய நம்புவாக? அந்தப் பிள்ளைக மேல போயி நிக்கும்போது ஒன் பெயிண்டா தீய அணைக்கும்? மொத வரியிலயே எழுது. நாங்க பெயிண்ட் அடிச்சிட்டோம்."

புதுத் தாளில் அப்படியே எழுதினேன். பழைய எடைத் தாளை என் கையாலேயே கிழித்தேன். ஆறாவது பாட்டிலின் கழுத்தில், 'கசிவு, திறந்து பார்க்கவும்' என்று அட்டை கட்டினோம். வண்டி நாலரைக்குத்தான் கிளம்பியது. அக்கா அது திரும்பி மறைகிறவரை நின்று பார்த்தார்.

பதில் பத்து நாளில் வந்தது. ஆறாவதில் வால்வு கசிந்தது உண்மைதான், மாற்றிவிட்டோம், தெரிவித்ததற்கு நன்றி. இனி பாட்டில்கள் அனுப்புவதாக இல்லை. அக்கா அதை இரண்டு முறை படித்து, ஆறாவது பாட்டிலுக்குக் கொட்டகையில் வைத்திருந்த அட்டையில் 'குணமாகி வீடு திரும்பியது' என்று எழுதி மூடினார். ஒரு வார்த்தை திட்டவில்லை. தண்டனையாகத் தராசுக்கு மேலே சுவரில் என்னையே பெயிண்டால் எழுதச் சொன்னார்: 'சட்டையைக் கழற்றிவிட்டு எடை போடவும்.' அடுத்த நாள் சிலிண்டர் கொண்டுவந்த புதுப்பட்டி மானேஜர் அதைப் படித்துவிட்டு மேல் பொத்தானில் கை வைத்தார். பெங்களூர் கடிதத்துக்குப் பிறகு அக்கா சிரித்தது அன்றுதான்.

சாலையை அகலப்படுத்தியபோது கொட்டகையும் அந்தச் சுவரும் போயின. குழந்தைத் தராசு இரும்புக் கடைக்குப் போனது. அக்கா மகளோடு நாசரேத்தில் இருக்கிறார். அந்த பாட்டிலில் இருந்த வாயுவைக்கூட இப்போது புதிதாகத் தயாரிப்பதில்லையாம். எப்போதாவது மதுரையில் விமானம் ஏறினால் சிவப்பு பாட்டில் எங்கே இருக்கிறது என்று கண் தேடும். பெயிண்ட் மங்கி, ஓரத்தில் கொஞ்சம் உரிந்திருந்தால் நிம்மதியாக பெல்ட்டைப் போட்டுக்கொள்வேன். புதுசாகப் பளபளத்தால், இறங்குகிறவரை தூக்கம் வராது.