வலையை வாசலில் எறிந்தவள்

எங்கள் ஊர் ஏரியூர்ப் பக்கம், காவிரிக் கரையில். கணவருக்கு மீன்பிடித் தொழில். பழைய பேட்டரியில் எடுத்த ஈயத்தை, சோறாக்கும் அடுப்பிலேயே உருக்கி, வலை தண்ணீரில் அமிழ அதன் ஓரத்தில் கட்டும் குண்டு செய்வோம். மகன் அழுதால் வலையருகே உட்கார வைப்பேன்; குண்டைச் சப்பிக்கொண்டு அமைதியாகிவிடுவான். எனக்கும் அது வசதியாகத்தான் இருந்தது.

பிறகு அவனுக்கு ஓயாத வயிற்றுவலி. விளையாட்டும் குறைந்தது. தருமபுரியில் ரத்தம் சோதித்த டாக்டரம்மா, "ரத்தத்துல ஈயம் ஏறியிருக்குங்க. இது மூளையவே பாதிக்கும். ஈயம் இருக்கிற எடத்துல இனி கொழந்த இருக்கவே கூடாது" என்றார்.

வலையில் கால் பட்டாலே தொட்டுக் கும்பிடுகிற ஊர் எங்களுடையது. வீட்டுக்கு வந்ததும் அந்த வலையை வாரி வாசலில் எறிந்தேன்.

"நானும் குண்டச் சப்பித்தான் வளந்தேன். எனக்கென்ன கொறஞ்சுபோச்சு?" என்று கணவர் கத்தினார்.

"உங்க ரத்தத்த யாருங்க சோதிச்சாங்க? வல வூட்டுக்குள்ள வந்தா, நானும் புள்ளையும் வெளிய போயிருவோம்" என்றேன்.

சில நாள் கழித்து, வலையை வைக்க அவரே ஆற்றோரம் கொட்டகை போட்டார். ஈயம் உருக்குவதும் அங்கேதான். இப்போது குளித்து, துணி மாற்றிய பிறகே பிள்ளையைத் தூக்குகிறார்.

தெருவில் என்னை 'வலைய எறிஞ்சவ' என்கிறார்கள். ஆமாம், எறிந்தவள்தான். அவர்கள் வீட்டுக் குழந்தை வாயில் குண்டோடு வந்தாலும் பிடுங்கி எறிவேன்.